காரை தாழ்த்துறதுன்னா வெறும் ஸ்பிரிங் மட்டும் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க வாகனப் பக்கத்துல காரை தாழ்த்துறது பத்தி வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா லோயரிங் ஸ்பிரிங்கா (காரை இறக்குற குட்டை ஸ்பிரிங்), இல்ல காயில்ஓவரா (உயரத்தை மாத்திக்கிற மாதிரி ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்) அப்படின்னு பேசிட்டு, ஸ்பிரிங்கோட ஆட்டத்தை அடக்குற ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டுட்டீங்க. தினமும் ரோட்டுல ஓடுற காருக்கு அதாங்க முக்கியம். ஸ்பிரிங்கை 30 மிமீ குட்டையாக்குனா ஷாக் கீழே அமுங்குற தூரமும் அந்த அளவுக்கு குறையுது, அப்புறம் சின்ன பள்ளத்துலயே பம்ப் ஸ்டாப்ல, அதாவது கடைசியில தடுக்குற ரப்பர் கட்டையில போய் டங்குன்னு இடிக்கும், அதனாலதான் நல்ல லோயரிங் ஸ்பிரிங்கை கொஞ்சம் கடினமா செய்யுறாங்க, ஆனா பழைய ஷாக்கால அந்த ஸ்பிரிங்கை அடக்க முடியாம வண்டி குதிச்சுக்கிட்டே போகும். ஸ்பிரிங்கையே வெட்டி விடுறவங்களும் இருக்காங்க, அத பத்தி என்னத்த சொல்ல.

இன்னொண்ணு, மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தை மேல பிடிச்சிருக்குற சஸ்பென்ஷன்) வண்டில, கீழ்க்கை, அதாவது சக்கரத்தை கீழ பிடிச்சிருக்குற கம்பி, சக்கரப் பக்கம் மேல தூக்குற அளவுக்கு இறக்கிட்டா, வண்டி எந்தப் புள்ளியைச் சுத்தி சாயுதோ அந்த ரோல் சென்டர் வண்டியோட எடை மையத்தை விட வேகமா கீழ போயிடும், பாக்க ரேஸ் கார் மாதிரி இருக்கும், ஆனா வளைவுல சாயணும்னு இழுக்குற விசை கூடத்தான் செய்யும்.

என்னைக் கேட்டா 25, 30 மிமீ போதும், அதுக்குப் பொருத்தமான ஷாக்கோட செட்டா வாங்கிடணும், உயரத்தை அடிக்கடி மாத்தப் போறதில்லன்னா காயில்ஓவர் வீண் செலவு. மாட்டுன கையோட வீல் அலைன்மென்ட் பாக்கணும், டோ (மேல இருந்து பாத்தா சக்கரம் உள்ள, வெளிய திரும்பியிருக்குற கோணம்) தப்பா இருந்தா டயர் உள்பக்கமா தேயுறது நின்னு பாத்தா தெரியாது, கையை விட்டு தடவிப் பாருங்க.

இப்படிக்கு,
உங்க வாசகன்