தெறித்து வரும் அலைகளும் இணைய வேகமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசி இணையத்தின் வேகம் பெருகியதற்குக் கூடுதல் அலைக்கற்றை ஒதுக்கப்பட்டதே காரணம் என்று வாதிடும் கட்டுரையைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அலைக்கற்றையின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆயினும், கோபுரத்துக்கும் சந்தாதாரருக்கும் இடையிலான வெளியை வசப்படுத்திய கண்டுபிடிப்புகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லாதது பெருங்குறை என்றே கருதுகிறேன்.

கோபுரத்திலிருந்து புறப்படும் அலை கட்டடங்களிலும் குன்றுகளிலும் பட்டுத் தெறித்து, பல வழிகளில், சில மைக்ரோ நொடிகள் (ஒரு மைக்ரோ நொடி என்பது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) முன்னும் பின்னுமாகக் கைபேசியை வந்தடைகிறது. தரவை விரைவாக அனுப்ப அனுப்ப, அதைச் சுமந்துவரும் அலைத் துணுக்கான ஒவ்வொரு குறியீட்டுக்கும் கிடைக்கும் நேரம் சுருங்குவதால், முந்தைய குறியீட்டின் தெறிப்பு அடுத்ததன்மேல் விழுந்து இரண்டையும் குழப்பிவிடும். அலைக்கற்றையை அகலமாக்கி வேகத்தைக் கூட்டினால் இச்சிக்கல் தீராது, கடுமையாகும்.

ஒரே வேகமான தரவு ஓட்டத்தை, ஒன்றுக்கொன்று இடையூறு செய்யாத பல மெதுவான ஓட்டங்களாகப் பிரித்து அருகருகே உள்ள குறுகிய அலைவரிசைகளில் ஏற்றும் முறையை, அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் சாங் 1966இல் முன்வைத்தார். ஓஎஃப்டிஎம் எனப்படுவது இதுவே. 4ஜி கைபேசித் தொழில்நுட்பத் தரமான எல்டிஇயில் இக்குறுகிய வரிசைகள் 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைகின்றன. ஒரு குறியீடு ஏறத்தாழ 67 மைக்ரோ நொடிகள் நீடிக்கிறது. அதன் முன்னால் விடப்படும் சுமார் 5 மைக்ரோ நொடிக் காப்பு இடைவெளிக்குள் பெரும்பாலான தெறிப்புகள் அடங்கிவிடுகின்றன. 1970இல் சாங்குக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் இதற்கான கணக்கீடுகளைச் செய்யும் மலிவான சில்லுகள் கைபேசிக்குள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அது காலாவதியாகிவிட்டது!

அதனினும் வியப்பானது அடுத்த கட்டம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆரோக்கியசாமி பால்ராஜும் தாமஸ் கைலாத்தும் 1992இல் விண்ணப்பித்து 1994இல் பெற்ற காப்புரிமை, ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், பல ஆன்டெனாக்கள் வழியே வெவ்வேறு தரவுகளை அனுப்பும் கருத்தை முன்வைத்தது. பெறுமிடத்தில் அவற்றைப் பிரித்தறியப் பெரிதும் கைகொடுப்பவை, அதுவரை தொல்லையாகக் கருதப்பட்ட அதே தெறிப்புகள்தாம். ஒவ்வொரு ஆன்டெனாவின் அலையும் வெவ்வேறு விதமாகத் தெறித்து வருவதால், பல சமன்பாடுகளைத் தீர்ப்பதுபோல் தரவுகளைத் தனித்தனியே மீட்டெடுக்க இயலுகிறது. இன்றைய 4ஜி, 5ஜி, வைஃபை அனைத்திலும் உள்ள மைமோ முறையின் வேர் இது.

 

தெறிப்புகள் குறைந்த திறந்தவெளியில் கோபுரம் கண்ணெதிரே நின்றாலும் மைமோவின் ஆதாயம் பெருமளவு குறையக்கூடும். சமிக்ஞை மிகவும் நலிந்த இடத்திலும் அப்படியே. ஒரே அலைக்கற்றை, ஒரே கோபுரம் என்றிருந்தும் இடத்துக்கு இடம் வேகம் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதைக் கட்டுரையாளர் கருத்தில் கொள்ளவில்லை. இக்கண்டுபிடிப்புகளையும் விளக்கும் தொடர்ச்சிக் கட்டுரை ஒன்றைத் துறை வல்லுநர் ஒருவரைக் கொண்டு எழுதுவித்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்