சேலத்து நண்பனுக்கு ஒரு லெந்து காலக் கடிதம்

ஏற்காடு,
மார்ச் கடைசி வாரம்

கிறிஸ்துவுக்குள் அன்பான நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன் என்றாயே, நானும் போனை எடுக்காமல் பதில் எழுதவே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் இங்குள்ள செய்தி. இந்த வருஷம் பூமழை நேரத்துக்கு விழுந்தது. பத்து நாளுக்குள் காப்பிச் செடிகள் வெள்ளையாகப் பூத்து, மலை முழுக்க வாசமாக இருந்தது. மிளகு பறித்து முடித்து, களத்தில் காய்கிறது. கோடை விழாவுக்கு இன்னும் நாள் கிடக்க, சனி ஞாயிறானால் இப்போதே இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மகள் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். வெள்ளி விலை ஏறியதில் உங்கள் கொலுசுப் பட்டறைகளில் வேலை குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அதற்காக வீட்டில் தினமும் ஜெபிக்கிறோம்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில், இனி வீட்டில் கோபப்படமாட்டேன் என்று தேவனிடம் பொருத்தனை பண்ணினாய். பொங்கல் வரைகூட அது தாங்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து நோன்பு நாட்களிலேயே மகனைக் கைநீட்டி அடித்துவிட்டாய். "விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்ற ரோமர் ஏழாம் அதிகாரத்து வசனத்தை எழுதி, அதற்குக் கீழே "இதுதான் நான், மாறமாட்டேன்" என்று முடித்திருந்தாய். பவுல் அந்த அதிகாரத்தோடு கடிதத்தை முடிக்கவில்லையே. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனமே கிறிஸ்துவுக்குள் இருப்பவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்றுதான் ஆரம்பிக்கிறது. அதைத் தாண்டிப் போகாமல் நீ ஏழாம் அதிகாரத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்வதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

கோபம் உன்னை மீறி வருகிறது என்கிறாய். நண்பா, இது கடினமான வார்த்தைதான், ஆனாலும் கேள். செவ்வாய்ப்பேட்டையில் கடைக்காரர் உன் கூலியைக் குறைத்துப் பேசும்போது அது உன்னை மீறி வருவதில்லையே. அங்கே கையைக் கட்டிக்கொண்டு "சரிங்க" என்கிறாய். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், எதிர்த்துப் பேச முடியாத பிள்ளையிடம்தான் அது வெடிக்கிறது. செல்லும் இடத்தில் சினத்தைக் காப்பவனே காப்பவன் என்ற குறளை நாம் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தோமே, நினைவிருக்கிறதா? கடைக்காரர் முன்னால் அடக்க முடிந்ததென்றால், உனக்குள் அடக்கும் சக்தி இருக்கிறது என்றுதானே அர்த்தம். இதை உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நீ நம்பிக்கை இழந்திருப்பதால் சொல்கிறேன்.

வேதத்தில் கோபக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. இயேசுவின் சீஷன் யோவானை எடுத்துக்கொள். அவனுக்கும் அவன் அண்ணன் யாக்கோபுக்கும் இடிமுழக்க மக்கள் என்று இயேசுவே பேர் வைத்தார். ஒரு சமாரியக் கிராமம் தங்க இடம் கொடுக்கவில்லை என்பதற்காக, வானத்திலிருந்து அக்கினி இறக்கி அழித்துவிடட்டுமா என்று கேட்டவர்கள் அவர்கள். இது லூக்கா ஒன்பதில் வருகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் எட்டில் பார், அதே சமாரியாவுக்குப் பேதுருவோடு போய், அந்த ஜனங்கள் பரிசுத்த ஆவியைப் பெறவேண்டும் என்று கை வைத்து ஜெபிக்கிறவன் யார்? இதே யோவான்தான். திரும்பி வரும் வழியில் சமாரியருடைய கிராமங்கள்தோறும் சுவிசேஷம் சொல்லிக்கொண்டே வருகிறார்கள். நடுவில் கெத்செமனே இருந்தது, சிலுவை இருந்தது, பெந்தெகொஸ்தே இருந்தது. ஒரே இரவில் செய்த பொருத்தனையால் நடந்த மாற்றம் இல்லை அது.

மோசேயை நினைத்தால் எனக்குப் பயமும் வரும். எகிப்தியனைக் கொன்றவன், பிற்பாடு பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று பேர் எடுத்தான். அப்படிப்பட்டவனே வயதான காலத்தில், மேரிபாவில், கோபத்தில் கன்மலையை இரண்டுதரம் அடித்தான். கானானுக்குள் போக முடியாமல் போயிற்று. வளர்ந்துவிட்டோம் என்று காவலை விட்டுவிடும் வயது எதுவும் கிடையாது போலிருக்கிறது.

இந்த வாரம் தோட்டத்தில் நாங்கள் செய்கிற வேலையும் உன்னை நினைக்கவைக்கிறது. காப்பித் தண்டைத் துளைக்கிற வண்டு ஒன்று உண்டு, போரர் என்போம். பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். புழு உள்ளே போய்க் கட்டையைக் குடைந்துகொண்டே இருக்கும். வெகுநாள் வரை வெளியில் இலை பச்சையாகவே தெரியும். தண்டில் வரிவரியாக மேடு தட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு செடியாகக் குனிந்து தடவிப் பார்க்கவேண்டும். கண்டுபிடித்தால் வண்டு வெளியே பறப்பதற்குள் வேரோடு பிடுங்கி எரித்துவிடுவோம். பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டு ஒரு பலனும் இல்லை. நீயும் கத்தலை மட்டும் நிறுத்தப் பார்க்கிறாய். அதற்குள்ளே என்ன இருக்கிறது? கூலிக்காரனாகவே காலம் போய்விட்டதே என்ற குமைச்சலா, மகன் உன்னை மதிக்கவில்லை என்ற பயமா? அதைத் தேடு. தேவன் முன்னால் அதைப் பேர் சொல்லி அறிக்கையிடு.

எப்படித் தேடுவது என்று கேட்பாய். எங்கள் பக்கத்து எஸ்டேட்டில் ஒரு கத்தோலிக்க மேஸ்திரி இருக்கிறார், அவர் சொல்லிக்கொடுத்த வழி இது. இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் பதினாறாம் நூற்றாண்டிலேயே தம் ஆட்களுக்குப் பழக்கியதாம். ஒரே ஒரு குற்றத்தை மட்டும் எடுத்துக்கொள். காலையில் எழுந்ததும் இன்றைக்கு அதில் காவலாயிருப்பேன் என்று தீர்மானி. மத்தியானம் ஒருதரம், ராத்திரி ஒருதரம் நின்று, மணி மணியாக நினைத்துப் பார்த்து, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோட்டின்மேல் ஒரு புள்ளி வை. நேற்றைக் கோட்டையும் இன்றைக் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார். நாம் தென்னிந்தியத் திருச்சபை, சி.எஸ்.ஐ.காரர், நமக்கெதற்கு இது என்று தள்ளாதே. புள்ளி எந்த நேரத்தில் விழுகிறது என்று தெரிந்தாலே பாதி வெளிச்சம். உனக்கு ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில், சாப்பிடாமல் வந்து உட்காரும்போது விழும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம்விட நான் முக்கியமாகச் சொல்லவந்தது வேறு. கடிதம் முழுக்கத் தேவனிடம் மன்னிப்புக் கேட்டேன், அழுதேன் என்று எழுதியிருக்கிறாய். மகனிடம் கேட்டதாக ஒரு வரியும் இல்லை. உன் மனைவி, என் தங்கச்சி, அவளிடம் கேட்டதாகவும் இல்லை. உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுவந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடே ஒப்புரவாகு என்பது ஆண்டவருடைய கட்டளை. 1947-இல் நம் சபைகள் ஒன்றாகி சி.எஸ்.ஐ. ஆனபின், 1950-இல் வந்த, அப்பமும் திராட்சரசமும் பெறுகிற திருவிருந்து முறையில் சமாதானம் கொடுப்பதைச் சேர்த்தார்களே, அதில் இந்த வசனத்தின் வாசனை இருக்கிறது. ஆனால் கோவிலில் நீ ஆண்கள் பக்கம், தங்கச்சி பெண்கள் பக்கம். பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவருடைய கையைப் பிடித்துச் சமாதானம் கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போகிறாய். கொடுக்கவேண்டியவர்களுக்கு அது போய்ச் சேரவே இல்லை.

எங்கப்பாவை உனக்குத் தெரியும். அவர் குரல் கேட்டால் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் பிள்ளைகள் ஒளிந்துகொள்வார்கள். பழம் பறிக்கிற காலத்தில் ஒரு கூடையை நான் தொலைத்துவிட்டேன் என்று பெல்ட்டால் அடித்தார். கூடை வேறொருவரிடம் இருந்தது. சில வாரம் கழித்து, திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின நாள், களத்தில் காப்பி கிளறிக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றார். "தப்பு என் மேலதான்டா. மன்னிச்சிரு" என்றார். காரணம் எதுவும் சொல்லவில்லை, நீயும் அப்படிச் செய்திருக்கக்கூடாது என்று வால் சேர்க்கவும் இல்லை. என் பயம் உடனே போய்விடவில்லை, அது போக வருஷங்கள் ஆயிற்று. அவரும் ஒரே நாளில் சாது ஆகிவிடவில்லை. ஆனால் அதற்குப்பிறகு கோபம் ஏறும்போது துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்துவிடுவார். திரும்பி வரும்போது முகம் மாறியிருக்கும். பிற்பாடு எனக்கு ஜெபம் என்றால் என்ன என்று புரிந்தது அந்த நடையைப் பார்த்துத்தான். உன் மகனுக்கு அந்த ஒரு வார்த்தையைக் கொடு. அவன் முகம் திருப்பிக்கொண்டு போனாலும் கொடு. உடனே மன்னிக்கவேண்டும் என்று எதிர்பார்க்காதே.

இன்னொன்றும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மறுபடி கை ஓங்கினால் தங்கச்சியும் பிள்ளையும் மலைக்கு வந்து எங்களோடு இருக்கட்டும். அப்போது நான் அவர்கள் பக்கம்தான் நிற்பேன். உன்னை விட்டுவிடமாட்டேன், ஆனால் அவர்கள் பக்கம்தான்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-இல் சிறு குழுக்களுக்கு ஒழுங்கு எழுதினபோது, வாரந்தோறும் கூடுகிறவர்கள் ஒருவரையொருவர் கேட்கவேண்டிய முதல் கேள்வியாக வைத்தது, போன தடவை கூடினபின் தெரிந்து செய்த பாவம் என்ன என்பதுதான். உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள் என்ற யாக்கோபு நிருபத்து வசனத்தின்மேல்தான் அந்தக் குழுக்கள் நின்றன. நமக்குக் குழு வேண்டாம், இரண்டு பேர் போதும். இனி சனிக்கிழமை ராத்திரி நான் போன் பண்ணுவேன். அதே கேள்வியை நான் கேட்பேன், நீயும் என்னைக் கேட்கவேண்டும். நோட்டில் புள்ளி வைத்திருந்தால் பொய் சொல்லத் தோன்றாது. சொன்னபிறகு சேர்ந்து ஜெபித்துவிட்டு வைத்துவிடுவோம், புத்திமதி எதுவும் கிடையாது.

புனித வெள்ளிக்கு முன்வரும் பெரிய வியாழனுக்கு முந்தின நாள் மிளகு மூட்டையோடு சேலத்து லீ பஜார் சந்தைக்கு வருகிறேன். வேலை முடிந்ததும் உன் வீட்டுக்கு வருவேன். அதற்குள் மகனிடம் பேசியிரு. பேச முடியவில்லையென்றால், நான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், நீ உள்ளே போய்ப் பேசிவிட்டு வா. தங்கச்சியிடம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் இருப்பேன் என்று சொல்லிவை. ரசம் போதும்.

உன் அன்பு நண்பன்