இறக்கத்தில் நேரம் பிடிக்காதீர்கள்

பிரிட்டன் நகரங்களிலிருந்து சனி, ஞாயிறுகளில் மத்திய வேல்ஸ் மலைகளுக்குச் சைக்கிள் கொண்டுபோகும் தமிழ் நண்பர்களுக்கும், அந்தக் குழுக்களை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

ரயாடரில் தொடங்கி நியூபிரிட்ஜ், பியூலா, அபர்குவெசின் வழியாக மலையேறி, ட்ரெகாரனில் இறங்கி, வடக்கே திரும்பிக் கூமஸ்ட்வித் தாண்டி, ஈலன் பள்ளத்தாக்கின் அணைகளை ஒட்டி மறுபடி ரயாடருக்கே வந்து சேரும் சுற்றைப் பற்றி எழுதுகிறேன். நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். பிரிட்டனில் சாலை சைக்கிள் வைத்திருக்கிற யாரும் ஒருமுறையாவது போக வேண்டிய வழி அது. போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை, தாராளமாகப் போங்கள். ஆனால் அதன் இறக்கங்களில், ஸ்ட்ராவா போன்ற சைக்கிள் பயணத்தைப் பதியும் கைபேசிச் செயலியில் நேரம் பிடித்துப் போட்டி போடுவதை மட்டும் நிறுத்துங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

ஏற்றத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டி போடுங்கள், அதில் யாருக்கும் கெடுதல் இல்லை. அபர்குவெசினுக்குப் பிறகு சாலை இர்வொன் ஆற்றோடு சேர்ந்து சாதுவாகப் போகும். அப்புறம் திடீரென்று டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் என்கிற ஏற்றம் எதிரே எழுந்து நிற்கும். 25 சதவீதச் சரிவு, அதாவது நான்கு மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரம். கொண்டை ஊசி வளைவின் உட்பக்கம் இன்னும் செங்குத்து என்பதால், எதிரே வண்டி வரவில்லை என்று தெரிந்தால் வெளிப்பக்கமாகவே திரும்புங்கள். எழுந்து நின்று மிதித்தால் ஈரத்தில் பின்சக்கரம் வழுக்கும். உட்கார்ந்தே மிதித்தால் முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கப் பார்க்கும். சீட்டின் முன்நுனிக்கு நகர்ந்து, நெஞ்சைக் கைப்பிடிக்குப் பக்கமாகத் தாழ்த்தி, மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு மிதிக்க வேண்டும். பின்னால் 34 பல் கியர் சக்கரம் இருந்தால் முழங்கால் தப்பிக்கும். முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள், தள்ளுகிறவரைக் கேலி செய்யும் குழு எனக்குப் பிடிக்காது.

உச்சிக்கு வந்தவுடன் கஷ்டம் முடிந்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகுதான் டவி பள்ளத்தாக்குக்கு ஒரு இறக்கம், மறுபடி ஏற்றம், கடைசியில் கும் பெர்வின் வழியாக ட்ரெகாரனுக்கு ஒரு நீண்ட இறக்கம் வருகிறது. செயலியில் முதலிடம் பிடிக்க ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு பாய்வது இங்கேதான். சாலை ஒரு காரின் அகலம். பல இடங்களில் வேலியே கிடையாது. இரண்டு பக்கமும் செம்மறி ஆடுகள்.

இந்த ஆடுகளை நின்று கவனித்திருக்கிறேன். தாயாடு சாலைக்கு இந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருக்கும். தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கும், அசையாது. சரி, பிரச்சினையில்லை என்று பிரேக்கிலிருந்து விரலை எடுப்பீர்கள். அந்த நொடியில் மறுபக்கப் புல்லில் படுத்திருந்த குட்டி துள்ளி எழும். அது உங்களிடமிருந்து விலகி ஓடாது, தாயிடம் ஓடும், சாலைக்குக் குறுக்கே, உங்கள் முன்சக்கரத்துக்கு நேராக. ஒரு பக்கம் தாயைக் கண்டால் மறுபக்கம் குட்டியைத் தேடுங்கள். நிதானமாக வந்தால் தேட நேரம் இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வந்தால் இருக்காது.

ஆடுகள் எல்லை தாண்டாமல் இருக்கச் சாலைக்குக் குறுக்கே பள்ளம் வெட்டி அதன் மேல் இரும்புக் குழாய்களைப் பதித்திருப்பார்கள். மழையில் அது கண்ணாடி மாதிரி வழுக்கும். சைக்கிளை நேராக வைத்து, திருப்பாமல், அதன் மேல் பிரேக் பிடிக்காமல் தாண்ட வேண்டும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தவரால்தான் அது முடியும். வளைவுக்கு அப்பால் டிரெய்லர் கட்டிய பண்ணை வண்டி வந்தால் ஒதுங்கும் இடத்தில் நின்று வழி விடுங்கள். அவர் வேலைக்குப் போகிறார், நாம் விடுமுறைக்கு வந்திருக்கிறோம்.

அந்தச் சாலையே கால்நடைகளுக்காக உண்டான சாலை. ரயில் வருவதற்கு முன்னால் மேற்கு வேல்ஸின் மாடுகளை ட்ரெகாரனில் சேர்த்து, குளம்புக்கு லாடம் அடித்து, இந்த மலை வழியாகத்தான் இங்கிலாந்துச் சந்தைகளுக்கு நடத்திப் போனார்கள். வாத்துகளைக்கூடக் கால்களில் தாரும் மணலும் பூசி நடக்க வைத்தார்கள். ஈலன் பக்கமும் நமக்கு முன்பே அந்த ஊர்க்காரர்களுடையதுதான். பர்மிங்காம் நண்பர்களே, உங்கள் வீட்டுக் குழாயில் வருவது அந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீர். அணை வேலை 1893-இல் தொடங்கியது, 1904-இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் திறந்துவைத்தார். பம்பு இல்லாமல், சரிவை மட்டுமே நம்பி அந்தத் தண்ணீர் 117 கிலோமீட்டர் ஓடிவருகிறது. அதற்காகப் பண்ணைகளும் ஒரு பள்ளிக்கூடமும் தண்ணீருக்குள் போயின, சுமார் நூறு பேர் ஊரை விட்டார்கள். நகரத்துக்காக அவ்வளவு கொடுத்த ஊர்க்காரர்களிடம், எங்கள் வேகத்துக்காக உங்கள் ஆடுகளும் ஒதுங்கட்டும் என்று கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

சட்டமும் இருக்கிறது. அனுமதியில்லாமல் பொதுச்சாலையில் சைக்கிள் பந்தயம் நடத்துவதும், அதில் கலந்துகொள்வதும் 1988-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். செயலியில் தனித்தனியாக நேரம் பதிவது பந்தயமாகுமா என்று வாதாடலாம். எனக்கு அந்த வாதம் முக்கியமில்லை. மலைமேல் பல இடங்களில் கைபேசி சிக்னல் கிடைக்காது. விழுந்தால் உதவிக்கு ஆள் அனுப்பவே நேரமாகும். அவசரச் சிகிச்சைக்கு அபெரிஸ்ட்வித் பிராங்லைஸ் மருத்துவமனை வரை போக வேண்டியிருக்கும். ஹெலிகாப்டர் வந்தால் அதுவும் மக்கள் நன்கொடையில் ஓடுகிற வேல்ஸ் ஏர் ஆம்புலன்ஸாக இருக்கும்.

ஆகவே குழு நடத்துகிறவர்களிடம் நேராகவே கேட்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் இந்த மலைச் செம்மறிகள் சின்னக் குட்டிகளோடு இருக்கும், அப்போது பெரிய கூட்டமாக அழைத்துப் போகாதீர்கள். ஜூனிலோ செப்டம்பரிலோ, ஆறேழு பேராகப் பிரிந்து போங்கள். பியூலாவை விட்டால் ட்ரெகாரன் வரை கடையை நம்ப முடியாது என்பதால் தண்ணீரும் சாப்பாடும் எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரெகாரனில் உட்கார்ந்து சாப்பிட்டு நாலு காசு செலவு செய்யுங்கள். உங்கள் குழுப் பக்கத்தில் டவி இறக்கத்துக்கும் கும் பெர்வின் இறக்கத்துக்கும் நேரப் பட்டியல் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஸ்ட்ராவாவில் அந்தப் பகுதிகளை ஆபத்தானவை என்று குறிக்க வசதி இருக்கிறது, குறித்துவிடுங்கள். டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் ஏறும் நேரப் பட்டியல் இருக்கட்டும். அதில் என் பெயரும் இருக்கிறது, ரொம்பக் கீழே என்றாலும் சந்தோஷம்தான்.

அன்புடன்,
அதே சாலையில் உங்களோடு மிதிக்கும் ஒருவன்