தான்சேன் சமையல் கொட்டகையில் இருந்த அந்த அம்மாவுக்கும், உங்கள் எல்லோருக்கும்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், உறவினருக்கும், நண்பர்களுக்கும், நேபாளத்தில் எங்களோடு வேலை பார்த்த தான்சேன் மருத்துவமனைக் குடும்பத்துக்கும் ஸ்தோத்திரம்.

நேற்று காலையில் என் வீட்டுக்காரர் தானாக எழுந்து உட்கார்ந்து, காப்பியில் சீனி இல்லை என்று குறை சொன்னார்கள். பேச்சு கொஞ்சம் குழறியது. குறை தெளிவாகவே இருந்தது. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். தான்சேனில் இவர்களுக்குப் பக்கவாதம் வந்த அந்த இரவிலிருந்து நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். விடிய விடிய ஜெபம் பண்ணினவர்கள் நீங்கள்தானே. அதை மறுபடியும் எழுத எனக்குத் தெம்பும் இல்லை.

முதலில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். அந்த இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வந்த டாக்டர்கள், நர்ஸ்கள்; தான்சேனிலிருந்து புட்வல் வரை வளைந்து வளைந்து இறங்கும் சித்தார்த்த நெடுஞ்சாலையில் ஒரு குலுக்கல் இல்லாமல் வண்டி ஓட்டி வந்த டிரைவர் தாய் (அங்கே அண்ணனை 'தாய்' என்றுதான் கூப்பிடுவார்கள்); அதுவும் மழைக்காலத்தில் பாறை உருளுகிற சித்தபாபா கோயில் பக்கம் வந்தபோது என்னைப் பார்த்து, "ஆமா, இப்போது மழை இல்லை, பயப்படாதீர்கள்" (அங்கே 'ஆமா' என்றால் அம்மா) என்று சொன்ன அவருடைய குரல்; சுனௌலி எல்லையில் வரிசையில் நின்ற லாரிகளை ஒதுக்கி வழி விட்டவர்கள்; கோரக்பூரில் விமானத்தில் இடம் பிடிக்க அலைந்த முகம் தெரியாத தமிழ்த் தம்பி; ஊரில் எங்கள் வீட்டைத் திறந்து, கூட்டி, தண்ணீர் பிடித்து வைத்திருந்த பக்கத்து வீட்டார்; பெண்கள் ஐக்கிய சங்கத்தார்; நம் சபைப் போதகர் ஐயரவர்கள்; பணம் அனுப்பிவிட்டு, பெயரைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்ட அந்தக் குடும்பம். எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதுவேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒருவருக்கு மட்டும் எழுத வழி இல்லை. அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போன் கிடையாது. பெயரை நான் கேட்கவே இல்லை. அதனால் அவர்களுக்கான நன்றியை உங்களிடம் சொல்லிவைக்கிறேன்.

மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக வருகிறவர்களை அங்கே 'குருவா' என்பார்கள். மலைக் கிராமங்களிலிருந்து அரிசி, பருப்பு, சட்டி, போர்வை எல்லாவற்றையும் மூங்கில் கூடையில் கட்டி, நெற்றிப் பட்டையில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். விறகடுப்பு மூட்டிச் சமைக்க ஒரு கொட்டகை உண்டு. பெண்கள் வார்டில் நோயாளியை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, முதுகில் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று குருவாக்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் எனக்குக் கிடைத்த வேலை. வேலூரில் நர்சிங் மாணவிகளுக்கு வருஷக்கணக்கில் பாடம் எடுத்த எனக்கு அது முதலில் கொஞ்சம் சப்பென்று இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அப்புறம் அதுவே பிடித்துப்போனது.

அந்த அம்மாவை அப்படித்தான் தெரியும். பேரன் மாட்டுக்குத் தழை வெட்ட மரத்தில் ஏறி விழுந்துவிட்டான். தான்சேன் இருக்கிற பால்பா மாவட்டத்து மலைகளில் இது அடிக்கடி நடப்பது. பெண்களும் பிள்ளைகளும் உயரமான மரங்களில் ஏறித் தழை வெட்டுவார்கள், கிளை முறியும். பையன் கால் எடை கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. ஆண்கள் வார்டில் ஆள் குறைவாக இருந்த ஒரு நாள் என்னை அங்கே கூப்பிட்டார்கள். அவன் இடுப்பை எப்படித் தாங்குவது என்று என் அரைகுறை நேபாளியில் அந்தப் பாட்டிக்கு விளக்கினேன். பாட்டி என்னைக் கடைசி வரை பேசவிட்டு, பிறகு நான் சொன்னதையே சரியான நேபாளியில் எனக்குத் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். மகர் இனத்துப் பாட்டி. மூக்கில் பெரிய தங்கத் தகடு. என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும்.

அவ்வளவுதான் பழக்கம்.

என் வீட்டுக்காரரை வார்டில் சேர்த்த மறுநாள், விடிவதற்கு முன்னால், குடிக்கக் கஞ்சி கொடுக்கலாம் என்று நர்ஸ் சொன்னாள். எங்கள் குவார்ட்டர்ஸ் மேட்டில் இருந்தது. அவ்வளவு தூரம் போய்வர மனசு கேட்கவில்லை. கையில் கிடைத்த ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். போன பிறகுதான் தெரிகிறது, அரிசி இல்லை, உப்பு இல்லை, தீப்பெட்டிகூட இல்லை. மார்கழிக் குளிர். கீழே மாதி பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி. நான் அப்படியே நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

பாட்டி ஏற்கெனவே அங்கே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளை உடுப்பு இல்லாமல், போர்வையும் கலைந்த தலையுமாக ஒரு பெண் அந்த நேரத்தில் சட்டியோடு வந்து நின்றால், குருவாவாக வந்தவர்களுக்கு அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கினார்கள். தங்கள் துணி மூட்டையை அவிழ்த்து, ஒரு கைப்பிடி அரிசி போட்டார்கள். பாத்திரத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு கைப்பிடி. அப்புறம் கொஞ்சம் பாசிப்பருப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள், உப்பு. அந்த மூட்டை எவ்வளவு சின்னது என்று நான் பார்த்தேன். பையன் இன்னும் பல வாரம் படுக்கையில் இருக்க வேண்டியவன் என்பதும், கட்டணம் கட்ட முடியாதவர்களின் பட்டியலில் அந்தக் குடும்பம் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

என்னை ஒரு பலகையில் உட்காரவைத்து, அவர்களே ஊதி, கிண்டி, குழைய வேகவைத்தார்கள். அங்கே நோயாளிக்குக் கொடுக்கிற 'ஜாவுலோ' அது. இறக்கிய பிறகு நான் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. அடுப்புச் சாம்பலைத் தொட்டு, பாத்திரத்தின் அடிக்கரியை ஒரு கந்தலால் சுற்றிச் சுற்றித் தேய்த்து, வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்கள். என் சேலையில் கரி படக் கூடாதாம். வார்டு படுக்கை விரிப்பு வெள்ளையாம். பிறகுதான் கையில் தந்தார்கள். "கே கர்னே, பஹினி," என்றார்கள். என்ன செய்ய, தங்கச்சி.

நான் அங்கேயே உடைந்து அழுதேன். அந்த இரவு முழுவதும் அழாதவள்.

பாளையங்கோட்டைப் பக்கம் பிறந்த உங்களுக்கு நான் ஏன் அழுதேன் என்று விளக்க வேண்டாம். நம் வீடுகளில் உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்து மிஷனரி ஊழியத்துக்கென்று தனிப் பானையில் போடுவோம். என் ஆச்சி போட்டார்கள், அம்மா போட்டார்கள், நானும் போட்டேன். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கிய ஊர்க்காரர்கள் நாம். கைப்பிடி அரிசிக் காணிக்கை நமக்கு மூச்சு மாதிரி. ஆனால் அந்தக் கைப்பிடி எனக்குத் திரும்பி வரும், அதுவும் கர்த்தரின் பெயரையே கேட்டிராத ஒரு பாட்டியின் கையால் வரும் என்று நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகும் நாங்கள் கிளம்பும் வரை, காலையில் நான் போகும்போது ஒரு செம்பு வெந்நீர் மூடி வைத்திருக்கும். கிளம்பிய அவசரத்தில் சொல்லிக்கொள்ள முடியவில்லை. வார்டு சிஸ்டரிடம் சொல்லி, ஒரு சாக்கு அரிசியும் பருப்பும் கம்பளியும் கொடுக்க ஏற்பாடு செய்தேன். வாங்கிக்கொண்டார்களாம். கம்பளியை மட்டும் அடுத்த கட்டில்காரியிடம் கொடுத்துவிட்டார்களாம்.

சரி, ஊரில் பலர் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு, மூட்டுவலியும் மாத்திரை டப்பாவுமாக இவ்வளவு தூரம் போனீர்களே, பலன் என்ன, எத்தனை பேர் ரட்சிக்கப்பட்டார்கள்? அன்போடு கேட்கிறீர்கள், தெரியும். அதனால் நேராகவே சொல்கிறேன். எண்ணிக்கை எதுவும் என்னிடம் இல்லை. 2015 அரசியல் சட்டப்படியே நேபாளத்தில் ஒருவரை மதம் மாற்றக் கூடாது. 2018-ல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தில் அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை. நாங்கள் அங்கே வேலை செய்யப் போனோம், வேலை செய்தோம். சனிக்கிழமை விடுமுறை நாள் என்பதால் அங்கே சபை கூடுவதும் சனிக்கிழமைதான். போய் உட்கார்ந்து பாடினோம். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி.

ஏமாற்றங்களும் இருந்தன. 1968-க்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் இந்தி எழுத்தையே பார்க்காத தலைமுறை நாங்கள். நேபாளிக்கும் அதே எழுத்துத்தான். அறுபதுக்கு மேல் அதைக் கற்றுக்கொள்வது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். என்னோடு வகுப்பில் உட்கார்ந்த இளம் டாக்டர்கள் சீக்கிரமே சரளமாகப் பேசிப் போய்விட்டார்கள். நான் 'வலிக்கிறதா' என்று கேட்க நினைத்து வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஜெனரேட்டர், ஸ்டெரிலைஸர், ஆக்சிஜன் இயந்திரம் எல்லாவற்றையும் பராமரிக்க இரண்டு பையன்களைத் தயார் செய்தார்கள். கெட்டிக்காரப் பையன் கத்தாருக்குப் போய்விட்டான். மலையில் வேலை இல்லை, அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனாலும் இவர்கள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. (அதே பையன்தான் செய்தி கேட்டு தோஹாவிலிருந்து தினமும் கூப்பிட்டு விசாரிக்கிறான். தம்பி, உனக்கும் நன்றி.) மகளுக்குப் பிள்ளை பிறந்ததைப் போனில் பார்த்தோம். அதற்கு ஈடு ஒன்றும் கிடையாது. நினைத்திருந்த காலம் முடியும் முன்பே திரும்ப வேண்டி வந்தது இன்னும் உறுத்துகிறது.

சந்தோஷங்களைச் சொல்லப் போனால் அவ்வளவு பெரிதாக எதுவும் இல்லை. மதிய இடைவேளையில் இளம் நர்ஸ்கள் கொண்டுவருகிற சுக்கௌனி, உருளைக்கிழங்கைத் தயிரில் போட்டுத் தாளிப்பது, பால்பாவின் ஸ்பெஷல். முதுகுப் புண் ஆறிய ஒரு மருமகள் தானே எழுந்து நடந்து வாசல் வரை போனது. பால்பா டாக்கா துணியில் எனக்கு ஒரு சால்வை நெய்து கொடுத்தது. எங்கள் இருவரையும் ஊரே ஆமா, பா (அம்மா, அப்பா) என்று கூப்பிட்டது. ஓய்வுக்குப் பிறகு காலை எழுந்தால் நமக்காக ஒரு வேலை காத்திருக்கிறது என்பதே பெரிய விஷயம், அது போனவர்களுக்குத்தான் புரியும்.

அந்த மருத்துவமனை தொடங்கிய கதையே எனக்குப் பிடிக்கும். ராபர்ட் ஃப்ளெமிங் பறவைகளை ஆராயத்தான் தான்சேன் பக்கம் வந்தார். 1951-52 குளிர்காலத்தில் அவரோடு வந்த டாக்டர்கள் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்ததிலிருந்துதான் மருத்துவமனை யோசனை முளைத்தது. 1954-ல் நாக்பூரில் கூடி ஐக்கிய நேபாள மிஷனைத் தொடங்கினார்கள். பறவை பார்க்கப் போன இடத்தில் மருத்துவமனை வந்தது. இதை நினைத்துக்கொண்டால் என் எண்ணிக்கை இல்லாத கணக்குப் புத்தகம் என்னை அவ்வளவாக வருத்துவதில்லை.

இனி என்ன செய்யப் போகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன், சாட்சிக்கு நீங்கள் இருக்கிறீர்கள். மறுபடியும் அவ்வளவு தூரம் போக எங்களுக்கு உடம்பு இடம் கொடுக்காது. ஆனால் நம் ஊர் அரசு மருத்துவமனை வராந்தாவிலும் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் தரையில் துண்டு விரித்துப் படுத்துக் கிடக்கிறார்கள். விடியற்காலையில் வெந்நீருக்கும் கஞ்சிக்கும் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். என் வீட்டுக்காரர் கொஞ்சம் நடமாட ஆரம்பித்ததும் நான் அங்கே போகப் போகிறேன். அனுமதி கேட்டாயிற்று. பாத்திரமும் அடுப்பும் பார்த்துக்கொள்கிறேன். கைப்பிடி அரிசி உங்களிடம் கேட்பேன். கூட ஒரு இரண்டு பேர் வந்தால் நல்லது, அதிகாலை நாலரைக்கு எழ முடிந்தவர்கள் மட்டும் பெயர் கொடுங்கள்.

இவர்களைப் பார்க்க வர விரும்புகிறவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன் பிசியோதெரபி. முறுக்கு, அதிரசம் எதுவும் கொண்டுவர வேண்டாம், டாக்டர் தடை போட்டிருக்கிறார். மெதுவாகப் பேசுங்கள், பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆகும். காத்திருந்தால் வந்துவிடும்.

உங்கள் அன்புச் சகோதரி