அயர்லாந்து கடன்பட்டிருக்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கு

பிப்ரவரி 2026

அன்புள்ள கேரி மெக்கே அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் ராத்திரி கண்விழித்துக் கால்பந்து பார்க்கும் ஒருவன் தமிழில் எழுதும் இந்தக் கடிதம் எடின்பரோவுக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. சேராவிட்டாலும் பரவாயில்லை. அயர்லாந்து ரசிகர்கள் இப்போது படுகிற பாட்டை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அதைக் கேட்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. இந்த அவஸ்தையைத் தொடங்கிவைத்தவரே நீங்கள்தானே!

1987 நவம்பர் 11, சோஃபியா. நம் வாசகர்களுக்காகக் கதையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அயர்லாந்து தன் ஆட்டங்களை எல்லாம் முடித்துவிட்டு 11 புள்ளிகளோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பல்கேரியாவிடம் 10 புள்ளிகள், கையில் ஒரு ஆட்டம் பாக்கி. அதுவும் சொந்த மண்ணில், உங்கள் ஸ்காட்லாந்தோடு. டிரா செய்தாலே போதும், பல்கேரியா போய்விடும். ஸ்காட்லாந்துக்கு அந்த ஆட்டத்தில் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. நீங்கள் மாற்று ஆட்டக்காரராக இறங்கினீர்கள். நாட்டுக்காக ஆடும் முதல் ஆட்டம். 87-ஆவது நிமிடத்தில் கோல் அடித்தீர்கள். பல்கேரியா வெளியே போனது. அயர்லாந்து தன் வரலாற்றில் முதன்முறையாக ஒரு பெரிய தொடருக்குள் நுழைந்தது, அந்த நேரத்தில் பந்தைத் தொடாமலே.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள் எங்கள் ஊரில். அன்று அயர்லாந்துக்கு நடந்தது அதுதான். எடின்பரோவின் ஹார்ட்ஸ் கிளப் அணிக்காக உங்கள் அளவுக்கு ஆட்டங்கள் ஆடியவர் யாரும் இல்லை. ஸ்காட்லாந்துக்காக ஆடியதோ நான்கே ஆட்டங்கள், அடித்தது அந்த ஒரே கோல். அது இன்னொரு நாட்டின் வரலாற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

நீங்கள் திறந்துவிட்ட கதவு வழியாகப் போனவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1988 ஜூன் 12 அன்று ஸ்டுட்கார்ட்டில், தங்கள் முதல் ஆட்டத்திலேயே, இங்கிலாந்தை 1-0 என்று தோற்கடித்தார்கள். ஆறாவது நிமிடத்தில் தலையால் முட்டி கோல் அடித்தவர் ரே ஹூட்டன். அவர் பிறந்த ஊர் கிளாஸ்கோ! பயிற்சியாளர் ஜாக் சார்ல்டன், 1966-இல் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பை வென்றவர். ஆக, தகுதி வாங்கிக்கொடுத்தவர் ஸ்காட்லாந்துக்காரர், கோல் அடித்தவர் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், திட்டம் போட்டவர் ஆங்கிலேயர். கொண்டாடியது மட்டும் முழுக்க முழுக்க அயர்லாந்து.

1990 இத்தாலி உலகக் கோப்பைக்கு ரசிகர்கள் கடன் சங்கங்களில் பணம் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். இங்கிலாந்தோடு 1-1, எகிப்தோடு 0-0, நெதர்லாந்தோடு 1-1. அடுத்த சுற்றில் ருமேனியாவோடு 0-0, பெனால்டியில் கோல்கீப்பர் பேக்கி பானர் ஒன்றைத் தடுக்க, டேவிட் ஒலியரி கடைசி உதையை உள்ளே போட, கால் இறுதி. அங்கே ரோமில் இத்தாலியிடம் 0-1. கணக்குப் பார்த்தால் ஆட்ட நேரத்தில் ஒரு ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை, மொத்தம் அடித்தது இரண்டே கோல். ஆனாலும் திரும்பி வந்தபோது டப்ளின் தெருக்களில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். கான் ஹூலிஹன் என்ற பத்திரிகையாளர், தான் இத்தாலியில் இருந்ததால் இத்தாலி 90-ஐத் தவறவிட்டுவிட்டதாகச் சொன்னார். மைதானத்தில் நடந்ததைவிட ஊரில் நடந்ததுதான் பெரிய திருவிழா என்பது அவர் சொல்ல வந்தது. இந்த ரசிகர்களைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

அவர்களை நான் கண்மூடிப் பாராட்டவில்லை. 2012 ஐரோப்பியக் கோப்பைக்காகப் போலந்துக்கு வந்தார்கள். நாடு திவாலாகும் நிலைக்குப் போய், ஐரோப்பிய ஒன்றியமும் ஐ.எம்.எஃப்-பும் கடன் கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருந்த காலம் அது. நாங்கள் வேலையில் இருப்பதாக (அப்போதைய ஜெர்மனித் தலைவர்) ஏஞ்சலா மெர்க்கல் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதிய கொடியோடு வந்தது ஒரு கூட்டம். கடன் கொடுத்தவர் முகத்துக்கு நேரே இப்படிச் சிரிக்க ஒரு துணிச்சல் வேண்டும். ஆனால் அணி மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. கிதான்ஸ்க் நகரில் ஸ்பெயினிடம் 0-4 என்று நொறுங்கிக்கொண்டிருந்தபோது, கடைசி நிமிடங்களில் ரசிகர்கள் பஞ்ச காலத்தைப் பற்றிய பாட்டு ஒன்றைச் சேர்ந்து பாடினார்கள். பிள்ளைகளுக்காகத் தானியம் திருடிக் கப்பலேற்றப்பட்ட ஒருவனின் கதை. உலகமே உருகியது. உருகாதவர் அயர்லாந்தின் முன்னாள் கேப்டன் ராய் கீன். பாட்டுப் பாடுவதற்காக மட்டும் தொடருக்கு வரக்கூடாது, இந்த மனநிலை மாற வேண்டும் என்று தொலைக்காட்சியில் கடிந்துகொண்டார்.

அன்று அவரைத் திட்டாதவர்கள் குறைவு. நான் பாதி அவர் கட்சி. உலகின் மிகச் சிறந்த ரசிகர்கள் என்ற பட்டம் ஒரு நாட்டுக்குக் கிடைத்துவிட்டால், தோற்றாலும் பட்டம் கையில் இருக்கிறதே என்ற சோம்பல் வந்துவிடும். 2016-இல் பிரான்சில் என்ன செய்தார்கள் என்று நினைவிருக்கும்: ரயிலில் கைக்குழந்தைக்குத் தாலாட்டுப் பாடினார்கள், வயதான தம்பதிக்கு டயர் மாற்றிக்கொடுத்தார்கள், தாங்கள் நசுக்கிய ஒரு காரின் கூரைப் பள்ளத்தை நிமிர்த்திவிட்டுப் பணமும் செருகிவிட்டுப் போனார்கள். பாரிஸ் நகரம் பதக்கமே கொடுத்தது, வடக்கு அயர்லாந்து ரசிகர்களுக்கும் சேர்த்து. எல்லாம் அழகுதான். ஆனால் எனக்குப் பிடித்தது லில் நகரில் இத்தாலிக்கு எதிராக 85-ஆவது நிமிடத்தில் ராபி பிரேடி தலையால் முட்டிய அந்த ஒரு கோல். அன்றைக்கு யாரும் நல்ல பிள்ளைகளாக இல்லை. பைத்தியமாக இருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஆண்கள் அணிக்குப் பெரிய தொடரே இல்லை. 2009-இல் பாரிசில் பிரான்சின் தியரி ஹென்றி பந்தைக் கையால் தட்டிக் கோலுக்கு வழிசெய்ததை நினைத்து ஆண்டுக்கணக்கில் புலம்ப ஒரு காரணமாவது இருந்தது. 2017-இல் டென்மார்க் டப்ளினுக்கே வந்து 5-1 என்று அடித்தபோது புலம்ப ஒன்றும் மிச்சமில்லை. 2021-இல் சொந்த ஊரில் லக்சம்பர்க்கிடம் தோற்றார்கள். அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம்.

இடையில் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். இது உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கலாம். 2022 அக்டோபர் 11 அன்று, கிளாஸ்கோவில் உங்கள் ஹாம்ப்டன் பார்க்கிலேயே, ஸ்காட்லாந்துப் பெண்களை 1-0 என்று வென்று அயர்லாந்து முதன்முறையாகப் பெண்கள் உலகக் கோப்பைக்குப் போனது. கோல் அடித்த ஆம்பர் பேரட்டும் உங்களைப் போலவே மாற்று ஆட்டக்காரராக இறங்கியவர். டோனகால் மாவட்டத்துப் பெண். நான்கு நாள் முன்னால் அதே மாவட்டத்தில் கிரீஸ்லோ என்ற கிராமத்தில் நடந்த வெடிவிபத்தில் பத்துப் பேர் இறந்திருந்தார்கள். கோல் அடித்ததும் மண்டியிட்டுக் கையில் இருந்த கறுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டார். ஆக, அயர்லாந்து ஆண்களின் முதல் தொடரும் பெண்களின் முதல் தொடரும் ஸ்காட்லாந்து ஆடிய ஆட்டத்தில்தான் முடிவாயின. ஒருமுறை நீங்கள் கொடுத்தீர்கள், மறுமுறை அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில், 2025 செப்டம்பரில் யெரெவானில் ஆர்மீனியாவிடம் 1-2 என்று தோற்றபோது பயிற்சியாளர் ஹெய்மிர் ஹால்கிரிம்சனை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி ஊரே கத்தியது. ஐஸ்லாந்துக்காரர், தொழில்முறைப் பல் மருத்துவர். பிடுங்குவது பற்றி எத்தனை நகைச்சுவை வந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். நவம்பர் 13 அன்று டப்ளினில் போர்ச்சுகலை 2-0 என்று வென்றார்கள். ரொனால்டோ சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். இரண்டு கோலும் டிராய் பேரட் அடித்தது. டப்ளின் நகரின் மையத்தில் வளர்ந்த, அப்போது 23 வயதுப் பையன்.

மூன்று நாள் கழித்து புடாபெஸ்ட். இங்கேதான் எனக்கு உங்கள் நினைவு வந்தது. ஹங்கேரிக்கு, சொந்த மண்ணில், டிரா போதும். 1987-இல் பல்கேரியா நின்ற அதே இடம். 80-ஆவது நிமிடம் வரை 2-1 என்று ஹங்கேரி முன்னால். பேரட் சமன் செய்தார். 90 நிமிடம் முடிந்து சேர்த்துக்கொடுத்த நேரத்தின் ஆறாவது நிமிடம், நீளமாகத் தூக்கி அடித்த பந்து, லியம் ஸ்கேல்ஸ் தலையால் தட்டிவிட, பேரட் காலை நீட்டினார். 3-2. மூன்றும் அவருடையதே. பேட்டி எடுக்க வந்தபோது அவரால் அழுகையை அடக்க முடியவில்லை. 38 ஆண்டுகளுக்கு முன்னால் உங்கள் காலை நம்பிக் காத்திருந்த ஊருக்கு, இந்த முறை அந்த ஊர்ப் பையனே போட்டுக்கொடுத்தான். அந்த இரவு அவர்களுக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் வென்றும் தகுதி கிடைக்கவில்லை. கிடைத்தது பிளே-ஆஃப், அதாவது மிச்ச இடங்களுக்கான கடைசி வாய்ப்புச் சுற்று. 2026 மார்ச் 26, வியாழக்கிழமை, பிராக் நகரில் செக் அணியோடு ஒற்றை ஆட்டம். ஜெயித்தால் 31-ஆம் தேதி டப்ளினில் இன்னொன்று, டென்மார்க்கோடோ வட மாசிடோனியாவோடோ. டென்மார்க் எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பேரட்டின் கோலுக்கு இரண்டு நாள் கழித்து ஹாம்ப்டனில் டென்மார்க்குக்கு டிரா போதுமாக இருந்தது. ஸ்காட்லாந்து விடவில்லை. மெக்டாமினே அந்தரத்தில் மல்லாந்து ஒன்று அடித்தார், 93-ஆவது நிமிடத்தில் டியர்னி, அப்புறம் மைதானத்தின் பாதிக்கோட்டருகே இருந்து மெக்லீன். 4-2. 1998-க்குப் பிறகு முதன்முறையாக நீங்கள் உலகக் கோப்பைக்குப் போகிறீர்கள். மனமார்ந்த வாழ்த்துகள். ஆனால் பாருங்கள், நீங்கள் தள்ளிவிட்ட டென்மார்க் நேராக அயர்லாந்தின் பாதையில் போய் விழுந்திருக்கிறது. 5-1 என்ற அந்த ராத்திரியை மறக்காதவர்களிடம்.

இரண்டு ஆட்டமும் ஜெயித்தால் எங்கே போவார்கள் என்பது டிசம்பர் 5 குலுக்கலிலேயே தெரிந்துவிட்டது. ஜூன் 11 குவாதலஹாராவில் தென் கொரியா, 18 அட்லாண்டாவில் தென் ஆப்பிரிக்கா, 24 மெக்சிகோ சிட்டியில் மெக்சிகோ. ஜூன் 18 அயர்லாந்துக்காரர்களுக்குச் சாதாரணத் தேதி இல்லை. 1994-இல் அதே நாளில் நியூ ஜெர்சியில் இத்தாலியை வென்றார்கள், கோல் மறுபடியும் ஹூட்டன். அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களை வடக்கு அயர்லாந்தின் லாக்கினிலண்ட் கிராமத்து மதுக்கடைக்குள் துப்பாக்கிக்காரர்கள் புகுந்து சுட்டார்கள். ஆறு பேர் இறந்தார்கள். 2012-இல் அதே தேதியில் இத்தாலியோடு ஆடியபோது அயர்லாந்து வீரர்கள் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

மெக்சிகோவில் அவர்களுக்கு நல்ல வரவேற்பு இருக்கும் என்று நினைக்கிறேன். 1846-இல் தொடங்கிய அமெரிக்க-மெக்சிகோ போரில், அமெரிக்கப் படையை விட்டு ஓடி மெக்சிகோ பக்கம் நின்று சண்டையிட்ட அயர்லாந்துக்காரர்கள் உண்டு. கால்வே மாவட்டத்து ஜான் ரைலி தலைமையில் புனித பேட்ரிக் பெயரில் ஒரு படைப்பிரிவே இருந்தது. பிடிபட்டவர்களில் ஐம்பது பேர் அளவில் 1847-இல் தூக்கிலிடப்பட்டார்கள். மெக்சிகோ சிட்டியின் சான் ஆன்ஹெல் சதுக்கத்தில் அவர்கள் பெயர் பொறித்த கல்வெட்டு இன்றும் இருக்கிறது. ரசிகர்கள் அங்கே போய் நிற்பார்கள், பாடுவார்கள், சந்தேகமே இல்லை. ஆடுபவர்கள் கதை வேறு. கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது அந்த ஸ்டேடியம். 1994-இல் ஆர்லாண்டோ வெயிலில் மெக்சிகோவிடம் தோற்ற அணிக்கு மூச்சு முட்டுவது ஒன்றும் புதிதல்ல.

கடன் சங்கங்களுக்கும் மறுபடி வேலை வரும். மூன்று நகரங்கள், இரண்டு நாடுகள், வாயைப் பிளக்க வைக்கும் டிக்கெட் விலை. விலையைப் பார்த்து ஐரோப்பிய ரசிகர் அமைப்புகள் டிசம்பரிலேயே கொதித்துவிட்டன. அயர்லாந்துக்காரர்களும் கொதிப்பார்கள். கொதித்துக்கொண்டே வாங்குவார்கள்.

பிராக்கில் தோற்றுவிட்டால்? ஒரு வாரம் யாரோடும் பேச மாட்டார்கள். அப்புறம் 2028 பேச்சு தொடங்கிவிடும். அந்த ஐரோப்பியக் கோப்பையை அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, வேல்ஸ் சேர்ந்து நடத்துகின்றன. டப்ளினில் கால் இறுதிகூட உண்டு. ஆனால் வீட்டுக்காரர்கள் என்பதற்காக யாருக்கும் நேரடி இடம் இல்லை, எல்லோரும் தகுதிச் சுற்று ஆட வேண்டும். தவறியவர்களுக்கென்று இரண்டு இடங்கள் மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் ஒன்றையொன்று பார்த்துக் கணக்குப் போட வேண்டிய நிலைமை வந்தாலும் வரலாம். அப்படி வந்தால், ஐயா, 1987-ஐச் சொல்லி யாராவது உங்களிடம் சலுகை கேட்டு வருவார்கள். டென்மார்க் விஷயத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கோலுக்கு ஒரு தமிழ் ரசிகன்