பட்டினிப் பரிசோதனைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

தருமபுரி மாவட்டத்து அன்பர்களே, வணக்கம்.

கணையத்தில், ரத்த சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினை ஓயாமல் சுரக்கும் இன்சுலினோமா கட்டியைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை உங்களுடையது.

முதல் நன்றி கிராம சுகாதார செவிலியர்களுக்கு. விடியற்காலையில் உளறல், வியர்வை, சில சமயம் வலிப்பு. சர்க்கரைத் தண்ணீர் குடித்ததும் தெளிவு. இதைக் காக்காய் வலிப்பு, காத்துக் கருப்பு என்று தள்ளிவிடாமல் அந்த நேரத்திலேயே சுகர் பார்த்து எழுதி வைத்தீர்கள். அறிகுறி, அப்போது குறைந்த சுகர், சர்க்கரை ஏறியதும் தெளிவு: 1930-களில் அமெரிக்க அறுவை மருத்துவர் விப்பிள் வகுத்த இந்த மூன்றும் சேர்ந்தால்தான் மேற்கொண்டு தேடுவதில் பொருள் உண்டு.

வார்டு செவிலியர்களே, சர்க்கரைத் தாழ்வை வரவழைத்துப் பார்க்க 72 மணி நேரம் வரை நீளும் பட்டினியில் தண்ணீர் மட்டும் கொடுத்து, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை சுகர் பார்த்தீர்கள். 60-க்குக் கீழே போனதும் மணிக்கொரு முறை. குளுக்கோமீட்டர் 100-க்குக் கீழே 15 வரை பிசகலாம் என்பதால், ஆய்வக முடிவு 55-க்குக் கீழே வந்து, அறிகுறியும் தெரிந்த பிறகே முடித்தீர்கள். அந்த நிமிடத்தில் இன்சுலினுக்கும், உடல் இன்சுலினைச் சுரக்கும்போது கூடவே வெளிவரும் சி-பெப்டைடுக்கும் ரத்தம் எடுத்துவிட்டுத்தான் குளுக்கோஸ் ஏற்றினீர்கள். வரிசை மாறியிருந்தால் மொத்தப் பட்டினியும் வீண்.

ஆய்வகத்தார் பற்றி யாரும் பேசுவதில்லை; எங்களுக்கு அது வருத்தமே. சாதாரண டியூபில் ரத்தம் கிடந்தால் அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும், இல்லாத தாழ்சர்க்கரை தெரியும். அதற்காகவே சாம்பல் மூடி ஃபுளோரைடு டியூப். ரத்த அணு உடைந்த மாதிரியில் இன்சுலின் சிதைந்து குறைவாகக் காட்டும், கட்டி தப்பிவிடும். அத்தகைய மாதிரிகளைத் திருப்பி அனுப்பினீர்கள். ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தைப் பிரித்த பிறகே ஐஸ் பெட்டியில் வைத்து சேலத்துக்கு அனுப்பினீர்கள்.

மருந்துக் கடைக்காரர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். வீட்டுப் பெரியவரின் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரையைத் தெரியாமல் விழுங்கினாலும் இன்சுலினும் சி-பெப்டைடும் கட்டி இருப்பதுபோலவே உயரும். பழைய மாத்திரை அட்டைகளை அடையாளம் சொன்னது நீங்கள்தான்.

பெரும்பாலும் 2 சென்டிமீட்டருக்கும் சிறிய கட்டி. சிடி ஸ்கேனில் தெரியாததை, வாய் வழியே குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டில் தேடியவர்களுக்கும் அறுவைக் குழுவுக்கும் நன்றி.

அறுவைக்குக் காத்திருக்கும் குடும்பத்தாருக்கு: இரவு படுக்கும் முன் உணவு கட்டாயம். கேழ்வரகுக் களி நல்லதுதான். ஆனால் மயக்கம் தட்டும்போது களி உதவாது, சர்க்கரைதான். விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். இன்சுலின் சுரப்பைக் குறைக்கும் டயசாக்சைடு மாத்திரையால் கால் வீங்கினால் நீங்களாக நிறுத்தாமல் எங்களிடம் வாருங்கள்.

இப்படிக்கு,
சிகிச்சைக் குழுவினர், தருமபுரி