பெரகலைப் பக்கம் வந்த த்ரீவீல் அண்ணாவுக்கு

போன ஞாயிறு ஹப்புத்தளையிலிருந்து பெரகலைப் பக்கம் பாறை பார்க்கப் போன எங்கள் கூட்டத்துக்கு வழிகாட்டிய த்ரீவீல் அண்ணா, பெயரைக் கேட்பதற்குள் ஹயர் வந்து கிளம்பிவிட்டீர்கள். மிக்க நன்றி.

"மழை விட்ட கையோட மண்மேட்டுக்குக் கீழ நிக்காதீங்க தங்கச்சி" என்று வண்டியை நிறுத்திச் சொன்னீர்களே, அது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. உக்கிய மண்ணில் நீர் ஊறினால், சரிவில் அது அப்படியே வழுக்கி இறங்கிவிடும்.

அப்புறம் நீங்கள் கூட்டிப்போன ஓடைப் பாறை! வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாய் நைஸ் (gneiss) என்ற வகைப் பாறை. நடுவே மாதுளை முத்துப் போல கார்னட் என்ற சிவப்புக் கனிம மணிகள். விரலால் தடவினால் சொரசொரவென்று தட்டுப்பட்டன. கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், ஏறக்குறைய 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. லென்ஸை உங்களிடம் தந்ததும் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுலதான் நாங்க உடுப்புத் தோய்ச்சது" என்று சிரித்தீர்கள். எங்கள் விளக்கத்தை விட அது நன்றாக இருந்தது.

காசும் வாங்கவில்லை, பிளேன்டீயும் குடிக்கவில்லை. இது கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணா, அடுத்த முறையும் உங்கள் வண்டிதான்.